ஓவர்ஃப்ளோ, ஓவர்லேப்: ஒரே சொல் போதாது

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இணையப் பக்கங்களின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் மொழிக்கான நம் தமிழ்ச் சொற்பட்டியலில் 'ஓவர்ஃப்ளோ' (உள்ளடக்கம் தன் பெட்டியை மிஞ்சி வெளியேறுவது), 'ஓவர்லேப்' (ஒன்றன்மேல் ஒன்று விழுவது) ஆகிய இரண்டுக்கும் 'மேற்பொருந்துதல்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொள்ளலாம் என்ற கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. பெரும்பாலான பக்கங்களில் முன்னது காரணம், பின்னது விளைவு. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், பக்கத்தைச் சீர்செய்ய வருபவர் காரணத்தைத் தேடாமலே விளைவோடு போராடிக்கொண்டிருப்பார்.

அண்மையில் நான் திருத்திய பக்கம் ஒன்றில் செய்தித் தலைப்புக்கான பெட்டியின் உயரம் 48 பிக்சல் என்று அறுதியிடப்பட்டிருந்தது. ஆங்கிலத் தலைப்புகளைக் கொண்டு சோதித்தபோது எல்லாம் இரண்டு வரிக்குள் அடங்கியிருக்கின்றன. தரவுத்தளத்திலிருந்து தமிழ்த் தலைப்புகள் வரத் தொடங்கியதும் சில மூன்று வரிக்கும் நான்கு வரிக்கும் நீண்டன. ஓவர்ஃப்ளோ பண்பின் தொடக்க மதிப்பு 'விசிபிள்' என்பதால் மிஞ்சிய வரிகள் வெட்டப்படாமல் பெட்டிக்கு வெளியே தெரிந்தன. ஆனால் அடுத்த பெட்டி எங்கே தொடங்க வேண்டும் என்பதை உலாவி அந்த 48 பிக்சலைக் கொண்டே கணக்கிட்டதால், தலைப்பின் கடைசி வரியும் செய்திச் சுருக்கத்தின் முதல் வரியும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து இரண்டுமே படிக்க முடியாதவையாயின. எனக்கு முன் பார்த்தவர் சுருக்கத்தை 30 பிக்சல் கீழே தள்ளியிருந்தார்; இன்னும் நீண்ட தலைப்பு வந்ததும் அது பயனற்றுப்போயிற்று. அறுதியிட்ட உயரத்தை நீக்கிவிட்டு 'மின்-ஹைட்' (குறைந்தபட்ச உயரம்) பண்பை இட்டவுடன், பெட்டி உள்ளடக்கத்தோடு சேர்ந்து வளர்ந்தது. கீழிருந்தவை தாமாகவே இறங்கிக்கொண்டன.

ஓவர்ஃப்ளோவுக்கு 'வழிதல்' என்பதே என் பரிந்துரை. 1996இல் வந்த முதல் சிஎஸ்எஸ்ஸிலேயே, ஒரு பெட்டியை ஓரமாக ஒதுக்கி மற்ற உரையை அதைச் சுற்றி ஓடவிடும் ஃப்ளோட் இருந்தது. 1998இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஓவர்ஃப்ளோ சேர்ந்தது. பெட்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அமையும் இயல்பான ஒழுங்குக்கோ ஃப்ளோ என்று பெயர். எல்லாமே நீரைச் சார்ந்த சொற்கள். ஓட்டம், மிதவை, வழிதல் என்று வைத்தால் தமிழிலும் அந்த உறவு குலையாது. திருநெல்வேலிப் பக்கத்தில் குளம் நிறைந்து மிகுநீர் வெளியேறுவதை 'மறுகால் பாய்தல்' என்பார்கள். எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆயினும் மறுகால் என்பது வெட்டி வைத்த வழியில் நீர் போவது. இங்கு நடப்பதோ கரையைத் தாண்டிக் கண்டபடி வழிவது. எனவே அதை விட்டுவிட்டேன்.

ஓவர்லேப்புக்கு 'மேற்பொருந்துதல்' ஏன் ஆகாது? இயற்பியல் பாடநூல்களில் அலைகளின் மேற்பொருந்துதல் என அது ஏற்கெனவே வேரூன்றியிருக்கிறது. தவிர, பொருந்துதல் என்பது இசைந்து அமைவது, நம் சிக்கலோ இசையாமை. 'மேற்படிதல்' வண்டல் மெல்லப் படிவதை நினைவூட்டுகிறது. ஒன்று மற்றொன்றின்மேல் வந்து அதை மறைக்கிறது என்ற பொருளைத் தருவது 'மேற்கவிதல்'. வடிவமைப்பாளர் வேண்டுமென்றே ஒன்றின்மேல் ஒன்றை வைப்பதற்கு 'மேலடுக்கு' என்று தனியே சொல்லலாம். பிழைக்கும் விருப்பத்துக்கும் ஒரே சொல் இருப்பது நல்லதன்று.

வழியாமலே மேற்கவிதல் நேர்வதும் உண்டு. 'அப்சல்யூட்' என்று நிலைநிறுத்திய பெட்டி ஓட்டத்திலிருந்து நீங்கிவிடுவதால், அது எவ்வளவு நீண்டாலும் பக்கத்திலுள்ளவை அதற்கு இடம் விடுவதில்லை. அத்தகைய பெட்டியை 'ஓட்டம் நீங்கிய பெட்டி' எனலாம். மிதவைகளும் ஓட்டத்திலிருந்து நீங்குவதால், அவற்றை மட்டுமே உள்ளே கொண்ட தாய்ப்பெட்டியின் உயரம் சுழியமாகிவிடுவதும் இவ்வகைத்தே; அடுத்த பகுதி மேலேறி வந்து மிதவைகளோடு மோதுகிறது. தாய்ப்பெட்டிக்கு 'ஃப்ளோ-ரூட்' என்ற மதிப்பைத் தந்தால் அது தன் மிதவைகளையும் உள்ளடக்கி உயர்கிறது.

இந்த மதிப்பைப் பட்டியலில் 'ஓட்டவேர்' என்று பெயர்த்திருக்கிறோம். வேர் என்பதிலிருந்து அதன் வேலை எதுவும் விளங்கவில்லை. வயலில் நீரை உள்ளே நிறுத்தும் வரம்பைப் போல அது செயல்படுவதால் 'ஓட்டவரம்பு' என மாற்றலாமா? மறுப்பு இருப்பின், வேறொரு சொல்லையும் சேர்த்து எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.