மூன்றாவது பேரிங்கும் போச்சு

குழு: நம்ம வீடு

ஞாயிறு

நான், காலை 9:10
அத்தை, மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் வந்து சேர்வது சந்தேகம்தான். எட்டூர்வட்டம் டோல் தாண்டியதுமே காரின் பின்பக்கமிருந்து அந்த ஊளைச் சத்தம் திரும்பவும் வந்துவிட்டது. 80-ல் போனால் மாவு மில்லுக்குள் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. சாத்தூரில் ஓரங்கட்டி நிற்கிறோம்.

கோவில்பட்டி அத்தை
ஐயோ. பிள்ளைகள் ஏதாவது சாப்பிட்டார்களா? சாத்தூரில்தானே நிற்கிறாய், காராச்சேவு வாங்கிக் கொடு. எனக்கும் அரைக் கிலோ.

நெல்லை சித்தப்பா
ஏலே, போன தீபாவளிக்குத்தானே பேரிங் மாற்றினாய்?

நான்
அது இரண்டாவது, சித்தப்பா. முதலில் 2024 மார்ச்சில் மாற்றியது, 11,000 கிலோமீட்டர் ஓடியது. தீபாவளிக்கு மாற்றியது 6,500. இந்த மார்ச்சில் போட்டது 4,000 கூட முழுசாக ஓடவில்லை. மூன்றும் அதே இடது பின்சக்கரம்.

நெல்லை சித்தப்பா
வெள்ளம்தான் காரணம். 2023 டிசம்பரில் உன் வண்டி எங்கள் தெருவில் இரண்டு நாள் தண்ணீரில் நின்றதே. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய மழை. அது சும்மா விடுமா?

பெரியப்பா
முதலில் இருந்த பேரிங்குக்கு அது சரி. தண்ணீர் குடித்த பேரிங்கைத்தான் கழற்றிப் போட்டாச்சே. அதற்கப்புறம் புதுசு மூன்று ஏன் போகணும்?
தம்பி, வளைவில் சத்தம் எப்படி இருக்கிறது?

நான்
ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்தால் கூடுகிறது பெரியப்பா. இடது பக்கம் ஒடித்தால் அடங்குகிறது.

பெரியப்பா
அப்போ இடதுதான். வண்டி வலப்பக்கம் திரும்பினால் பாரம் இடப்பக்கம் சாயும். சக்கரத்தின் நடுவில் கை வைத்துவிடாதே, கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்.

நான்
சுர் என்று ஆவியாகிறது. வலது பக்கம் தெளித்தேன், அப்படியே வழிகிறது.

பெரியப்பா
இனி ஒரு அடி ஓட்டாதே. உள்ளே இறுகிப் பிடித்தால் சக்கரமே கழன்று ஓடும். பஸ் டிப்போவில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் கடை இருக்கிறதா பார்.

கோவில்பட்டி அத்தை
பேரிங்கே டூப்ளிகேட்டாக இருக்கும். இப்போது எதில்தான் டூப்ளிகேட் இல்லை? போன வாரம் வாங்கிய பெருங்காயத்தில் வாசனையே இல்லை.

ஓசூர் மச்சான், காலை 9:52
அம்மா, வலது பக்கமும் அதே கடையில் வாங்கிய அதே பேரிங்தான். போன வருஷம் கிரகப்பிரவேசத்துக்கு வந்தபோது இங்கே எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நான்தான் மாற்றினேன். அது இன்னும் ஊமையாக ஓடுகிறது. டூப்ளிகேட் என்றால் இரண்டு பக்கமும் கத்தணும்.
மச்சான், கடை கிடைத்தால் பிரேக் டிரம்மைக் கழற்றச் சொல். ஒவ்வொரு கட்டத்துக்கும் படம் வேண்டும். கழற்றியதைத் துடைக்க விடாதே. மெக்கானிக்குகள் கையில் துணியோடுதான் பிறப்பார்கள்.

நான், காலை 11:05
பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கடை திறந்திருந்தது. வயசானவர், நிதானமாகச் செய்கிறார். டிரம் வந்துவிட்டது.
(படம்)
ஆக்ஸில் தண்டில் புள்ளி புள்ளியாகக் குத்தியிருக்கிறதே, கம்பெனியிலேயே இப்படித்தான் வருமா?

ஓசூர் மச்சான்
இல்லை. அது பஞ்ச் அடித்தது. பேரிங்கின் உள் ரேஸ், அதாவது உள்வளையம், ஆக்ஸிலில் லொடலொட என்று இருந்திருக்கும். கூர் நுனி உள்ள சென்டர் பஞ்ச் வைத்துச் சுத்தியலால் தட்டினால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் இரும்பு கொஞ்சம் மேலே எழும்பும். அந்த மேட்டில் ரேஸ் பிடித்துக்கொள்ளும். ஆனால் முழு வட்டமும் தாங்க வேண்டிய இடத்தில் நாலு புள்ளி தாங்கும். சீக்கிரமே அது தேய்ந்து முன்னைவிட லூசாகும்.
நகத்தை ஆக்ஸில் நுனியிலிருந்து உள்பக்கமாக இழுத்துப் பார். எங்காவது தட்டுகிறதா?

நான்
இரண்டு இடத்தில் நகம் இறங்கி ஏறுகிறது. கீழ்ப்பக்கம் நல்ல பள்ளம், மேல்பக்கம் அவ்வளவாக இல்லை.

ஓசூர் மச்சான்
ஒரு சக்கரத்துக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு பேரிங். அந்த இரண்டு இடத்தில்தான் அவை உட்காரும். ரோடு சக்கரத்தைக் கீழிருந்து மேலே தள்ளுகிறது இல்லையா, அதனால் கீழ்ப்பக்கம் அதிகம் தேயும்.

நான்
(படம்)
பேரிங்கின் உள்துளை. கண்ணாடி மாதிரி பளபளப்பு. ஓரத்தில் செம்பழுப்பாக ஒரு பொடி.

நெல்லை சித்தப்பா
பார்த்தீர்களா, துரு! நான் வெள்ளம் என்று சொன்னேனே.

ஓசூர் மச்சான்
சின்ன மாமா, அது தண்ணீர்த் துரு இல்லை. இரும்பும் இரும்பும் உரசிக்கொண்டே இருந்தால் இப்படிக் குங்குமம் மாதிரி மெல்லிய பொடி வரும். தண்ணீர் உள்ளே போயிருந்தால் கிரீஸ் மோர் மாதிரி வெளுத்திருக்கும். மச்சான், பேரிங்கை மூடியிருக்கிற சீல் வளையத்தை நெம்பிக் கிரீஸைக் காட்டு.

நான்
(படம்)
கருப்பு. கருகின வாசனை. வெளுப்பு இல்லை.

நெல்லை சித்தப்பா
சரி, வெள்ளத்தை விட்டுவிட்டேன்.

ஓசூர் மச்சான்
இந்த வண்டியில் ஆக்ஸில் சுற்றாது, டிரம்தான் சுற்றும். பேரிங்கின் வெளி ரேஸ் டிரம்மோடு இறுக்கமாகப் போகணும். உள் ரேஸ் ஆக்ஸிலில் அசையாமல் நிற்கணும். ஆனால் உள் ரேஸ் கையால் தள்ளினாலே ஏறுகிற அளவுக்குத்தான் இருக்கும். அதை நிறுத்தி வைப்பது நட்தான். நட்டை இறுக்கினால் வாஷர், வெளிப் பேரிங், நடுவில் இருக்கிற ஸ்பேசர் குழாய், உள் பேரிங் எல்லாம் ஆக்ஸிலின் தோளில் போய் ஒரே கட்டையாக இறுகும். நட் லூசாக இருந்தால் உள் ரேஸ் மெல்ல மெல்ல நகர்ந்து ஆக்ஸிலைத் தின்னும். அடுத்த தடவை புதுப் பேரிங் தேய்ந்த ஆக்ஸிலில் ஏறும். அது இன்னும் சீக்கிரம் போகும். உன் கணக்கைப் பார்: 11,000, 6,500, 4,000.
நட் எப்படி வந்தது என்று அவரிடம் கேள்.

நான்
கேட்டேன். ஸ்பேனரில் பைப் சொருகி நெம்பத் தேவையே வரவில்லையாம். பூட்டுக்காக நட்டின் உதட்டைத் தட்டி மடக்கியிருந்தார்களாம், அதை நிமிர்த்தியதும் லேசாக வந்துவிட்டதாம். மடக்கியிருந்ததால்தான் இத்தனை நாள் கழன்று விழாமல் இருந்திருக்கிறது.

பெரியப்பா
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கோவில்பட்டி அத்தை
அண்ணே, என்ன போட்டு அழித்தீர்கள்? நான் கண்ணாடி எடுப்பதற்குள் போய்விட்டது.

பெரியப்பா, காலை 11:48
ஒன்றுமில்லை. சரி, சொல்லிவிடுகிறேன்.
2024 மார்ச்சில் மதுரை மெக்கானிக் பேரிங் மாற்றும்போது தம்பி எனக்குப் போன் போட்டு அவர் கையில் கொடுத்தான். நட்டை எவ்வளவு இறுக்கணும் என்று கேட்டார். சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே நன்றாக இறுக்கு, அப்புறம் கால் சுற்று திருப்பி விட்டுப் பூட்டு என்று சொன்னது நான்தான்.

நான்
பெரியப்பா, அவர் அடுத்த இரண்டு தடவையும் அப்படியேதான் செய்தார். 'உங்க பெரியப்பா சொன்ன கணக்கு' என்று என்னிடமே சொன்னார்.

ஓசூர் மச்சான்
பெரிய மாமா, நீங்கள் சொன்னது பஸ் முன்சக்கரத்துக்குச் சரி. அது டேப்பர் ரோலர், கூம்பு மாதிரி உருளை வைத்த பேரிங். இறுக்கி வைத்தால் ரோலர் வெந்துபோகும், அதனால் கொஞ்சம் விட்டுத்தான் ஆகணும். இது குண்டு பேரிங், நடுவில் ஸ்பேசர் இருக்கிறது. நட்டின் இறுக்கமெல்லாம் ஸ்பேசர் வழியாகப் போய்விடும், குண்டு மேல் விழாது. இதில் விட்டால்தான் கெடும்.

பெரியப்பா
முப்பது வருஷம் கை பழகிய பழக்கம், மருமகனே. வாயும் பழகிவிட்டது.

நெல்லை சித்தப்பா
விடுங்கள் அண்ணே. நான் வெள்ளம் என்றேன், தங்கச்சி பெருங்காயம் என்றாள். நீங்கள் ஒருவர்தான் சக்கரத்துக்குப் பக்கத்திலாவது வந்தீர்கள்.

நான்
இப்போது என்ன செய்வது? லேத்தில் கொடுத்து வெல்டு வைத்துக் கடைந்தால் ஆக்ஸில் சரியாகும், ஆயிரத்துக்குள் முடியும் என்கிறார் இந்தக் கடைக்காரர்.

ஓசூர் மச்சான்
வேண்டாம். உன் வண்டியில் இந்தக் குட்டை ஆக்ஸில், ஸ்டப் ஆக்ஸில் என்பார்கள், நாலு போல்ட்டில் கழன்று வரும். புதுசு போடு. பின்சக்கரத்தைத் தாங்குகிற இடத்தில் வெல்டு வைத்தால் எனக்குத் தூக்கம் வராது. டிரம்மிலிருந்து பழைய பேரிங் எப்படி வந்தது? கையால் வந்ததா, தட்டி எடுத்தாரா?

நான்
நன்றாகத் தட்டித்தான் எடுத்தார்.

ஓசூர் மச்சான்
அப்போ டிரம் தப்பித்தது. புதுப் பேரிங்கை பிரஸ்ஸில் ஏற்றச் சொல், அழுத்தம் வெளி ரேஸில் மட்டும் விழணும். உள் ரேஸில் சுத்தியலால் தட்டினால் குண்டுகள் ரேஸில் பள்ளம் போடும், முதல் நாளே சத்தம் ஆரம்பிக்கும். ஸ்பேசரை மறக்க வேண்டாம். நட் புதுசு. மேனுவலில் நட் இறுக்கம் போட்டிருக்கிற பக்கத்தைத் தனியாக அனுப்புகிறேன், அந்த எண்ணுக்கு, இறுக்கத்தை அளந்து காட்டுகிற டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கணும். திருப்பி விடுகிற வேலையே கிடையாது.

நான்
ஆக்ஸில் விருதுநகரில் கிடைக்குமாம், நாளைக்குத்தான் கடை திறக்கும். வண்டியை இங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வருகிறோம் அத்தை.

கோவில்பட்டி அத்தை
வாங்க. குழம்பை மூடி வைத்திருக்கிறேன். காராச்சேவை மறந்துவிடாதே.

செவ்வாய்

நான், மாலை 6:20
வண்டி வந்துவிட்டது. 90 வரை போய்ப் பார்த்தேன், வலது வளைவிலும் சத்தமில்லை. வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் தெளித்தேன், வழிந்து ஓடியது. ஆக்ஸில், பேரிங், சீல், நட், கூலி எல்லாம் சேர்த்து 4,300.

நெல்லை சித்தப்பா
முதல் தடவையே இதைச் செய்திருந்தால்... சரி, வேண்டாம்.

பெரியப்பா
தம்பி, அந்த மதுரை மெக்கானிக் நம்பரை எனக்கு அனுப்பு. மூன்று தடவையும் நீ திட்டும்போது நானும் சேர்ந்து திட்டியிருக்கிறேன்.

நான்
அனுப்பிவிட்டேன். பஞ்ச் அடித்தது அவருடைய சொந்த யோசனைதான் பெரியப்பா.

பெரியப்பா
அதையும் கேட்கத்தான் போகிறேன்.