கோத்தகிரிப் பெண்ணுக்கு ஒளிப்பதிவுத் துறையில் வழிகாட்ட யாராவது இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் வணக்கம். என் அக்கா மகள் கோத்தகிரியில் கல்யாண வீடியோ எடுக்கிறாள். மூடுபனி இறங்கினால் லென்ஸைத் துடைத்துத் துடைத்து, ஃபோகஸ் தவறாமல் எடுத்துவிடுவாள். சினிமாவில் ஒளிப்பதிவு உதவியாளர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை.

ஊட்டிப் பக்கம் ஷூட்டிங்குக்குக் குறைவில்லை. ஆனால் யூனிட் சென்னையிலிருந்தே வந்துவிடும். நம் ஊர்க்காரர்களுக்கு வண்டி ஓட்டுவது, கூட்டத்தில் நிற்பது, பெரும்பாலும் அவ்வளவுதான். போன மாதம் ஒரு படப்பிடிப்பில் போய்க் கேட்டாள். "யூனியன் கார்டு இருக்கா?" என்று சினிமாத் தொழிலாளர் சங்க உறுப்பினர் அட்டையைக் கேட்டார்கள். அப்புறம், "பொண்ணுக்குத் தங்க இடம், பாத்ரூம் எல்லாம் யார் பார்க்கிறது?" என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனசு ஆறவில்லை. பி.ஆர். விஜயலட்சுமி 1985-லேயே 'சின்ன வீடு' படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவர். பெண்களுக்கு மேக்கப் கலைஞர் கார்டு தராத மும்பைச் சங்கத்தின் விதியை உச்ச நீதிமன்றம் 2014-ல் செல்லாது என்றது. இன்னும் இந்தப் பேச்சா?

தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியில் படித்தவர்கள், கேமரா துறையில் இருக்கும் பெண்கள் யாராவது சொல்லுங்கள்: சேர்க்கைக்கு எப்படித் தயாராவது? கார்டு இல்லாமல் முதல் வேலை எப்படிக் கிடைத்தது? சாலிகிராமம், வடபழனிப் பக்கம் பாதுகாப்பான விடுதி இருக்கிறதா? அக்கா தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்க்கிறாள். சம்பளமில்லாமல் மாசக்கணக்கில் மகளைச் சென்னையில் தங்க வைக்க முடியாது. தனியாகச் செய்தி அனுப்பினாலும் சரி.