மெதுவாகப் பறக்கும் சின்ன விமானத்துக்கு எந்தெந்த மீட்டர் கட்டாயம்?

கெடிலக்கரை:
வணக்கம். கடலூர். மைக்ரோலைட் என்கிற எடை குறைந்த சின்ன விமானத்தில் பயிற்சி எடுத்துக்கொண்டிருக்கிறேன். நண்பரும் நானும் சேர்ந்து இரண்டு பேர் உட்காருகிற மாதிரி ஒன்று வாங்கப் போகிறோம், எஞ்சின் ரோட்டாக்ஸ் 912. பேனலில் என்ன வைப்பது என்பதில்தான் தகராறு. ஒரு டிஜிட்டல் திரை இருந்தால் எல்லாம் வந்துவிடும், வேகம் பார்க்கப் போனில் இருக்கிற ஜிபிஎஸ்ஸே போதும் என்கிறார் அவர். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் காரணம் சொல்லத் தெரியவில்லை.

லாஸ்பேட்டை:
தம்பி, ஜிபிஎஸ் சொல்வது தரைக்கு மேல் நீங்கள் நகரும் வேகம். இறக்கைக்கு வேண்டியது எதிரே வந்து மோதும் காற்றின் வேகம். மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) அடிக்கிறது என்று வையுங்கள், சில்வர் பீச் பக்கமிருந்து மேற்கே திரும்பினால் காற்று முதுகில், போன் 50 காட்டும்போது இறக்கைக்குக் கிடைப்பது 35தான். அதற்குச் சற்றுக் கீழே ஸ்டால் ஆகிற, அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கிற, மைக்ரோலைட்டுகள் நிறைய. அதனால் பிட்டோ குழாயில் (எதிர்காற்றின் அழுத்தத்தை வாங்கும், முன்பக்கம் திறந்த குழாய்) ஓடும் ஏர்ஸ்பீடு மீட்டர்தான் முதலில். ஊசி வைத்ததாகத் தனியே ஒன்று போடுங்கள், அதற்குக் கரண்ட் வேண்டாம், திரை அணைந்தாலும் வேலை செய்யும்.

அந்தக் குழாயைக் கண்ணுக்குக் கண்ணாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். நான் ஒரே ஒரு பகல் கவர் போட மறந்தேன், குளவி மண் வைத்து அடைத்துவிட்டது. ஓடுபாதையில் பாதி தூரம் ஓடியும் ஊசி அசையவில்லை, உடனே த்ராட்டிலைக் குறைத்து நிறுத்தினேன்.

மற்றபடி ஆல்டிமீட்டர் (காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டுவது), காம்பஸ், ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது), ஆயில் பிரஷர், ஆயில் சூடு, எரிபொருள் அளவு. 912-க்கு 3500 ஆர்பிஎம்முக்கு மேல் ஆயில் பிரஷர் 2 முதல் 5 பார் வரை இருக்க வேண்டும். ப்ரொப்பெல்லர் பின்னால் இருக்கிற வண்டி என்றால் கண்ணாடிக்கு முன்னால் ஒரு கம்பளி நூல் ஒட்டிவிடுங்கள், விமானம் பக்கவாட்டில் வழுக்கினால் உடனே காட்டிக்கொடுக்கும்.

காலாப்பட்டு:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. நம்ம ஊரில் காற்றழுத்தம் காலை 10 மணி வாக்கில் ஏறி, மாலை 4 மணிக்கு 3, 4 ஹெக்டோபாஸ்கல் இறங்கிவிடும், தினமும் நடப்பது. காலையில் சரியாக வைத்த ஆல்டிமீட்டர், விமானம் நின்ற இடத்திலேயே நின்றாலும், சாயங்காலம் கிட்டத்தட்ட 100 அடி கூடக் காட்டும். 500 அடியில் இருக்கிறோம் என்று நினைத்து 400-இல் பறப்பீர்கள். கிளம்பும் முன் ஒவ்வொரு தடவையும் திருத்துங்கள்.

கெடிலக்கரை:
ரொம்ப நன்றி அண்ணா, இதை அப்படியே நண்பரிடம் காட்டுகிறேன். பழைய ஏர்ஸ்பீடு மீட்டர் ஒன்று கிடைக்கிறது, சரியாகக் காட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

லாஸ்பேட்டை:
முடியும். தெளிவான பிளாஸ்டிக் டியூபை யூ வடிவில் பலகையில் கட்டி, கலர் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை மீட்டரின் பிட்டோ வாயில் செருகுங்கள். திறந்திருக்கும் பக்கத்தை மெல்லத் தூக்குங்கள். இரண்டு பக்கத் தண்ணீருக்கும் 26 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும்போது ஊசி 40 நாட்டில் நிற்க வேண்டும், 80 நாட்டுக்கு அதுவே நான்கு மடங்கு. மெதுவான வேகத்தில் அழுத்தம் அவ்வளவு கொஞ்சம்தான், அதனால் துளிக் கசிவு இருந்தாலும் கணக்கு தப்பும். வாயால் மட்டும் ஊதிவிடாதீர்கள், மீட்டர் போய்விடும்.