கடற்கரை மணலில் பாதி புதைந்த நீச்சல் குளம்: பைல் தேவையா?

கேள்வி:
ஈ.சி.ஆரில், கடலிலிருந்து 600 மீட்டர் உள்ளே ஒரு மனை. குளம் உள்ளளவு 8 × 4 மீட்டர், தண்ணீர் ஆழம் 1.4. சுவர் உயரம் 1.5 மீட்டர், அதில் 0.9 தரைக்குக் கீழே, 0.6 மேலே. சுவரும் ராஃப்டும் (அடித்தளப் பலகை) 250 மி.மீ. கனம். தோண்டிப் பார்த்ததில் முழுக்க மணல். சித்திரையில் 1.8 மீட்டரில் தண்ணீர், கார்த்திகையில் தரைமட்டம் வரை வந்துவிடும். மணல் தாங்காது, பைல் (ஆழத்தில் இறக்கும் கான்கிரீட் தூண்) போடணும் என்கிறார் மேஸ்திரி. சரியா?

பதில் 1:
சார், இங்கே பயம் குளம் அமுங்குவதில் இல்லை, மிதப்பதில். தண்ணீர் நிரப்பிய குளம் சதுர மீட்டருக்கு இரண்டரை டன்னுக்குள்தான் அழுத்தும். சுவருக்கு 0.9, ராஃப்டுக்கு 0.25 என 1.15 மீட்டர் தோண்டும்போதே கிட்டத்தட்ட 2 டன் மண்ணை எடுத்துவிடுகிறீர்கள். தளர்ந்த மணலை ஈரப்படுத்தி பிளேட் காம்பேக்டரால் (அதிர்வுத் தகடு இயந்திரம்) இறுக்கி, 100 மி.மீ. பிசிசி (கம்பியில்லாக் கான்கிரீட்) போட்டால் போதும்.

இப்போது காலிக் குளத்தைப் பாருங்கள். வெளியளவு 8.5 × 4.5 மீட்டர். தண்ணீர் தரைமட்டத்தில் நின்றால் மேல்நோக்கி 44 டன் தூக்கும். ராஃப்டும் சுவரும் சேர்ந்து 47 டன்தான். விகிதம் 1.08, குறைந்தது 1.2 வேண்டும். பைலுக்குப் பதில் ராஃப்டை நான்கு பக்கமும் 300 மி.மீ. வெளியே நீட்டுங்கள். அந்த விளிம்பின் மேல் உட்காரும் மண் குளத்தைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீரில் மூழ்கிய மண்ணைக் கன மீட்டருக்கு 0.8 டன் என்றே எடுத்தாலும் எடை 58 டன், தூக்கு விசை 46 டன், விகிதம் 1.27. டைல்ஸ், பூச்சு எதையும் இதில் சேர்க்கவில்லை.

சுவரில் இரண்டு முகத்திலும் கம்பி அவசியம், 12 மி.மீ., 150 இடைவெளி. நிரம்பிய குளம் சுவரை வெளியே தள்ளும். காலியாக இருக்கையில் வெளி மண்ணும் தண்ணீரும் உள்ளே தள்ளும்.

பதில் 2:
மேலே சொன்ன கணக்கு வேலை முடிந்த குளத்துக்கு. நடுவில்தான் ஆபத்து. ராஃப்டும் 0.9 மீட்டர் சுவரும் மட்டும் முடிந்த நிலையில் எடை 43 டன், தூக்கு விசை 46. அந்த நேரத்தில் அடைமழை பிடித்து, பம்ப் நின்றால் தொட்டி கிளம்பிவிடும். கிளம்பினால் அடியில் மணல் புகுந்துவிடும், பழைய மட்டத்துக்குத் திரும்ப உட்காராது. அதனால் பங்குனியில் தோண்டி, ஆவணிக்குள் மண் நிரப்புவதுவரை முடியுங்கள். பிசிசியோடு சேர்த்து உங்கள் குழி 1.25 மீட்டர், கோடைத் தண்ணீர் 1.8, ஆக உலர்ந்த குழியிலேயே வேலை பார்க்கலாம். தாமதமாகி மழை வந்தால் குளத்துக்குள் அரை மீட்டர் தண்ணீர் விட்டுவிடுங்கள், அதுவே 16 டன்.

கேட்டவர்:
நன்றி சார். கான்கிரீட்டுக்கு எஸ்ஆர்சி சிமெண்ட் வாங்கச் சொல்கிறார் கடைக்காரர், உப்புக்கு அதுதான் நல்லது என்று.

பதில் 3:
வேண்டாம். எஸ்ஆர்சி என்பது சல்பேட் அரிப்பைத் தாங்கும் சிமெண்ட். கடலோரத்தில் கம்பியைத் தின்பது குளோரைடு. அதைப் பிடித்து வைக்கும் அலுமினேட் எஸ்ஆர்சியில் குறைவு. ஸ்லாக் சிமெண்ட், அதாவது பிஎஸ்சி வாங்குங்கள். கான்கிரீட் தரம் எம்35, தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45-க்குள், கவர் (கம்பிக்கு வெளியே உள்ள கான்கிரீட்) 50 மி.மீ. அந்த இடைவெளிக்காகக் கம்பிக்கு அடியில் வைக்கும் கவர் பிளாக் அதே தரக் கான்கிரீட்டில் வார்த்ததாக இருக்கட்டும். உடைந்த டைல் துண்டு, கருங்கல் ஜல்லி வைத்தால் அந்தப் புள்ளியிலிருந்துதான் துரு கிளம்பும். மனையில் தோண்டிய மணலும், உப்புத்தட்டும் போர் தண்ணீரும் கான்கிரீட்டுக்கோ க்யூரிங்குக்கோ ஆகாது. கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.-க்குள் இருக்க வேண்டும், லேபில் கொடுத்துப் பாருங்கள்.

ராஃப்டோடு சேர்த்தே 150 மி.மீ. உயர ஸ்டார்டர் சுவரை (சுவரின் அடிப்பகுதி) வார்த்து, 230 மி.மீ. பிவிசி வாட்டர்ஸ்டாப்பை (இணைப்பில் கசிவைத் தடுக்கும் பட்டை) அதில் பாதி புதையுங்கள். தண்ணீர் பட்டால் ஊதும் பட்டை உப்பு நீரில் சரியாக ஊதாது, அதை மட்டும் நம்பாதீர்கள்.

கசிவுச் சோதனை மண் நிரப்பும் முன். ஒரு வாரம் ஊறவிட்டு மட்டம் குறியுங்கள். படியில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தால், அதில் குறைவது ஆவியானது. குளத்தில் அதைவிட அதிகம் இறங்கினால் கசிவு, வெளிச்சுவரில் ஈரத் தடம் தெரியும்.

பதில் 2 (மறுபடி):
இன்னொன்று. மண் நிரப்பும்போது, நீட்டிய ராஃப்ட் விளிம்பை ஒட்டி வெளியே 110 மி.மீ. பிவிசி குழாயை, அடிப்பக்கம் ஒரு மீட்டருக்குத் துளை போட்டு, ஜியோ துணி (மணலைத் தடுக்கும் வடிகட்டித் துணி) சுற்றி, சுற்றிலும் ஜல்லி போட்டு ராஃப்ட் ஆழம்வரை இறக்குங்கள். குளத்தைக் காலி செய்யும் முன் அதில் டேப் விட்டுத் தண்ணீர் மட்டம் பாருங்கள். தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள் தண்ணீர் இருந்தால் காலி செய்வதைத் தள்ளிப்போடுங்கள்.