ஊரடங்கு நாட்களில் வன்னி: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

புதுக்குடியிருப்பிலிருந்து

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை. கொரோனாவால் மாலை 6 மணியிலிருந்து இலங்கை முழுவதும் ஊரடங்கு என்று வானொலியில் சொன்னபோது அம்மா பதறவில்லை. பையை எடுத்துக்கொண்டு சங்கக்கடைக்கு நடந்தார். உப்பு, நெருப்பெட்டி, மண்ணெண்ணெய், ஆறு கட்டிச் சவர்க்காரம். சவர்க்காரம் எதற்கு இவ்வளவு என்று கேட்டேன். "யுத்தத்தில் வன்னிக்குப் பொருளாதாரத் தடை போட்ட காலத்தில் பனம்பழம் பிசைந்து உடுப்புத் தோய்த்தவள் நான்" என்றார். அடுத்த நாள் உலகமே கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவு என்று சொல்லிக்கொண்டிருந்தது.

அடைபட்டிருப்பது எங்களுக்குப் புதிதல்ல என்றுதான் அந்த முதல் இரண்டு கிழமையும் நினைத்திருந்தேன். முற்றத்தில் முருங்கையும் பப்பாசியும் இருந்தன, கிணற்றில் தண்ணீர் இருந்தது. கொழும்பில் அறை எடுத்துத் தங்கியிருந்த பிள்ளைகள் பட்ட பாட்டோடு ஒப்பிட்டால் நாங்கள் நன்றாகவே இருந்தோம்.

சித்திரையில் பெரிய மாமா ஒட்டுசுட்டானில் மாரடைப்பால் இறந்தார். கொரோனா இல்லை. ஆனாலும் செத்த வீட்டுக்குப் போக அனுமதி எடுக்க வேண்டும். கிராம அலுவலரான விதானையாரிடம் கடிதம் வாங்கி, பொலிஸில் காட்டி, இரண்டு பேருக்குப் பாஸ் கிடைத்தது. மோட்டார் சைக்கிளில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். பந்தலின் கீழ் பிளாஸ்டிக் கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டுதானே அழுவார்கள்? அன்று ஒவ்வொருவரும் தன் கதிரையில் இருந்து தனியே அழுதார்கள். அம்மா தன் இரண்டு முழங்கால்களையும் இறுகப் பிடித்திருந்தார். விரல் நுனிகள் வெளுத்துப்போகும் அளவுக்குப் பிடித்திருந்தார். ஒப்பாரிக்கு வாய் திறந்தவர், முகக்கவசத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

திரும்பி வரும் வழியில் ஒன்று சொன்னார். 2009 இல், இறுதி யுத்தத்தில், சித்தப்பா பங்கருக்குள் செத்தபோது சடங்கு இல்லை, பெட்டி இல்லை, பூவும் இல்லை. ஆனால் பிடித்து அழ நான்கு பேர் இருந்தார்கள். "இந்த முறை அதுவும் இல்லை." அதற்குப் பிறகு வீடு வரும் வரை பேசவில்லை.

யுத்தம் பழக்கிவிட்ட எதுவும் அந்தப் பந்தலுக்குள் எங்களுக்கு உதவவில்லை. உங்கள் வீடுகளில் எப்படி இருந்தது? எழுதுங்கள்.

முள்ளியவளையிலிருந்து

அண்ணா, உங்கள் அம்மாவின் முழங்கால்களைப் பற்றி வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் பெரியம்மாவின் மகன் பாரிஸுக்கு அருகே ஓர் உணவகத்தில் வேலை செய்தார். மார்ச் 17 இலேயே பிரான்சை மூடிவிட்டார்கள். வெளியே போவதென்றால் ஏன் போகிறேன் என்று தானே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வைத்துக் கொண்டுபோக வேண்டும். பிறகு, நடப்பதற்கு வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டர், ஒரு மணித்தியாலம் என்று கணக்கு வைத்தார்கள். அவர் தொலைபேசியில் இதைச் சொன்னபோது பெரியம்மா திகைத்துப்போனார். "அங்கேயும் பாஸா?" பாஸ் கேட்கும் நாட்டிலிருந்து தப்பிப் போன பிள்ளை என்றல்லவா அவர் நினைத்திருந்தார்.

ஏப்ரலில் அந்தப் பாரிஸ் அண்ணாவுக்குக் காய்ச்சல். வைத்தியசாலைக்குப் போனவர் திரும்பவில்லை. இறுதிக்கிரியை அங்கே காலை 10 மணிக்கு, இங்கே பிற்பகல் 1.30. கைத்தொலைபேசியைச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டுப் பெரியம்மா பாயில் இருந்தார். பெட்டியைக் காட்டிய நேரம் பார்த்து டேட்டா முடிந்துவிட்டது. கடை பூட்டு, ரீலோட் போட வழியில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி தன் தொலைபேசியிலிருந்து இணைப்பைத் தந்தான். உள்ளே வரக்கூடாது, எட்டி நின்றால் இணைப்பு அறுந்துவிடும். அதனால் வேலியோடு ஒட்டி, கையை எங்கள் பக்கம் நீட்டியபடி, சித்திரை வெயிலில் முடியும் வரை நின்றான். பெரியம்மா மகனை அவன் தயவில்தான் கடைசியாகப் பார்த்தார்.

துணுக்காயிலிருந்து

நான் ஆசிரியை. இடம்பெயர்ந்த காலத்தில் மரத்தடியில் படித்தவள். 2009 இல், யுத்தம் முடிந்து எங்களை அடைத்து வைத்திருந்த மெனிக் பாம் முகாமுக்குள் இருந்தே பிள்ளைகள் உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். எங்களிடம் கட்டடமோ கொப்பியோ இருக்காது, ஆனால் பிள்ளைகளை ஓரிடத்தில் இருத்திப் படிப்பிக்க முடிந்தது. 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடியபோது அதைத்தான் முதலில் இழந்தோம்.

இணையவழிக் கற்பித்தல் என்றார்கள். என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் நல்ல தொலைபேசி இல்லை. இருந்த வீட்டிலும் அது தகப்பனோடு வயலுக்குப் போய்விடும். குளக்கட்டில் ஏறினால்தான் சிக்னல் வரும். நான் கையால் பயிற்சித்தாள் எழுதி, பொலித்தீன் பையில் போட்டு, சைக்கிளில் போய்ப் படலைகளில் கட்டிவிட்டு வந்தேன். மறுகிழமை அதே பைகளில் விடைகள் இருக்கும். தாள் இல்லாத ஒரு பிள்ளை கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தாள். கணக்கு முடிந்த இடத்தில் சிறிய எழுத்தில் ஒரு கேள்வி: "ரீச்சர், எப்போது பள்ளிக்கூடம்?" அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அந்த வருட உயர்தரப் பரீட்சை ஒக்டோபர் 12 இல்தான் தொடங்கியது. தொலைபேசி இருந்த பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் ஒரே வினாத்தாள். இது அநியாயம் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

வவுனியாவிலிருந்து

நான் குவைத்திலிருந்து வந்தவள். 14 நாட்கள் தனிமைப்படுத்தல் முகாமில் வைப்பார்கள் என்று அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "முகாம்" என்றதும் மறுமுனையில் சத்தமே இல்லை. பிறகு ஒரேயொரு கேள்வி: "எத்தனை நாளில் விடுவோம் என்று எழுதித் தந்தார்களா?"

இரணைமாதா நகரிலிருந்து

எங்கள் கதை கொஞ்சம் வேறு. 1992 இல், யுத்தத்தால், எங்கள் சொந்தத் தீவான இரணைதீவை விட்டு இங்கே வந்தோம். 2018 சித்திரையில் படகுகளில் வெள்ளைக்கொடி கட்டிக்கொண்டு நாங்களாகவே திரும்பிப் போய் இறங்கினோம். 2021 மார்ச் தொடக்கத்தில், கொரோனாவால் இறந்த முஸ்லிம் மக்களின் உடல்களை இரணைதீவில் புதைக்கப்போகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது. எங்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதிர்த்துப் போராடினோம்.

அந்தப் போராட்டத்தைச் சிலர் பிழையாகப் புரிந்துகொண்டார்கள், ஆகவே சொல்கிறேன். ஒரு வருடத்துக்குக் கிட்ட அந்த மக்களின் உடல்களை அவர்கள் மார்க்கத்துக்கு மாறாக எரித்தார்கள், பிறந்த குழந்தையைக்கூட. அது பெரும் கொடுமை. தங்கள் ஊர் மையவாடியில் அடக்கம் செய்யவே அவர்கள் கேட்டார்கள். கடல் தாண்டி ஒரு தீவுக்குக் கொண்டுபோகச் சொல்லி அவர்களும் கேட்கவில்லை. கடைசியில் கிழக்கில், மட்டக்களப்பு மாவட்டத்து ஓட்டமாவடியில் இடம் ஒதுக்கினார்கள். அங்கும் குடும்பத்தவர் எல்லோரும் போய் நிற்க முடியவில்லை என்று அறிந்தபோது எங்கள் ஆட்களுக்கு மனம் கனத்தது. காணாமல்போனவரைத் தேடும் தாய்மார் எங்களுக்குள்ளும் இருக்கிறார்கள். மண் போட முடியாத துக்கம் அவர்களுக்குத் தெரியும்.

புதுக்குடியிருப்பிலிருந்து

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இரணைதீவுக்காரர் எழுதியதை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார். முள்ளியவளைத் தங்கச்சி, உங்களிடம் ஒன்று கேட்கச் சொன்னார்: வேலியோடு நின்ற அந்தத் தம்பிக்குக் குடிக்கத் தண்ணீராவது கொடுத்தீர்களா?

முள்ளியவளையிலிருந்து

கொடுத்தோம் என்று சொல்லுங்கள் அண்ணா. வேலிப் பொட்டுக்குள்ளால் ஒரு செம்பு வைத்தோம். குடித்துவிட்டுச் செம்பைச் சாம்பல் போட்டுக் கழுவி அதே இடத்தில் வைத்துவிட்டுப் போனான்.