உச்சத்தில் இருக்கும் சாம்பியன் பட்டத்தைக் காக்க மறுப்பது ஏன்?

யானைப்பாதை (கேள்வி):

2013 நவம்பரில் சென்னையில் விஸ்வநாதன் ஆனந்தை வென்று செஸ் உலக சாம்பியன் ஆன மாக்னஸ் கார்ல்சன், பிறகு 2014, 2016, 2018, 2021 என நான்கு முறை பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். கடைசியாகத் துபாயில் இயான் நெபோம்னியாச்சியை 7.5–3.5 என்ற கணக்கில் வென்றபோது, 14 ஆட்டங்கள் கொண்ட அந்தப் போட்டி 11 ஆட்டங்களிலேயே முடிந்துவிட்டது. 2022இல் அதே நெபோம்னியாச்சி, சாம்பியனோடு மோதுபவரைத் தேர்ந்தெடுக்கும் கேண்டிடேட்ஸ் தொடரில் முதலிடம் பெற்று மீண்டும் சவாலுக்கு வந்து நின்றார். கார்ல்சனோ அந்த ஜூலையில், தாம் ஆடப்போவதில்லை என்று அறிவித்துவிட்டார்.

ஆட்டத்திறன் இறங்குமுகமாக இருக்கும் ஒருவர் தோல்விக்கு அஞ்சி ஒதுங்கினால் அதில் வியக்க ஒன்றுமில்லை. இவருக்கு அப்போது 31 வயது, தரவரிசையில் முதலிடம். செஸ்ஸை விட்டே போய்விட்டார் என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அறிவிப்பு வந்த சில நாள்களிலேயே மாமல்லபுரத்தில் நடந்த ஒலிம்பியாடில் நார்வே அணிக்காக ஆடினார். ஆகவே, ‘அலுத்துப்போய்விட்டது’ என்ற ஒற்றை விளக்கம் எனக்குப் போதவில்லை. வெல்லும் வாய்ப்பு மிகுதியாக உள்ள போட்டியை ஒருவர் ஏன் வேண்டாம் என்கிறார்? பட்டப் போட்டிகளைத் தொடர்ந்து கவனித்து வருபவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

குதிரைப்பாய்ச்சல்:

‘வெல்லும் வாய்ப்பு’ என்பதை மட்டும் கணக்கில் எடுத்தால் இது புதிராகத்தான் தெரியும். வெல்வதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சாதாரணத் தொடர் ஒன்றில் ஏழெட்டுப் பேரையோ பத்துப் பேரையோ எதிர்கொள்ள வேண்டியிருப்பதால், எவருக்காகவும் தனியாக மாதக்கணக்கில் தயாராவது நடக்காத காரியம். பட்டப் போட்டியில் நிலைமை நேர்மாறானது. எதிரே இருப்பவர் ஒரே ஒருவர். அவருடைய தொடக்க நகர்த்தல்கள் அனைத்தையும் உதவிக் குழு ஒன்று கணினியில் அலசி, இருபது நகர்த்தல்கள் ஆழத்துக்குக் கிளை கிளையாக விரியும் கோப்புகளைக் கொண்டுவந்து கொடுக்கும். அவற்றைச் சாம்பியன் மனப்பாடம் செய்ய வேண்டும். எதிராளி மூன்றாவது நகர்த்தலில் வேறு வழியில் திரும்பிவிட்டால், அந்தக் கோப்பு அப்படியே கிடக்கும். இதில் இன்னொரு தொல்லையும் உண்டு: குழு கண்டுபிடித்த புதிய யோசனையை இடையில் வரும் தொடர்களில் பயன்படுத்தினால் எதிர்த்தரப்பு பார்த்துவிடும் என்பதால், போட்டிக்கு முந்தைய மாதங்களில் கையில் உள்ள நல்ல சரக்கை ஒளித்து வைத்துக்கொண்டே ஆட வேண்டியிருக்கிறது. ஆடுவதில் மகிழ்ச்சி காண்பவருக்கு இது எவ்வளவு கசப்பான ஏற்பாடு என்பதை நாம் எளிதில் உணர்வதில்லை.

இவ்வளவும் செய்த பிறகு மேசையில் என்ன நடக்கிறது? 2016இல் நியூயார்க்கில் செர்கெய் கர்யாகின் எட்டாவது ஆட்டத்தை வென்று முன்னிலை பெற்றார். கார்ல்சன் பத்தாவது ஆட்டத்தில்தான் சமன் செய்ய முடிந்தது. 6–6 எனச் சமநிலையில் முடிந்த பிறகு, நேரம் குறைவான ரேபிட் ஆட்டங்களில் பிழைத்தார். 2018இல் லண்டனில் ஃபேபியானோ கருவானாவுடன் ஆடிய 12 கிளாசிக்கல் (பல மணி நேரம் நீளும் வழக்கமான) ஆட்டங்களும் டிரா. அந்தப் பன்னிரண்டாவது ஆட்டத்தில், நிலை தமக்குச் சாதகமாக இருந்தும், கடிகாரத்தில் கூடுதல் நேரம் இருந்தும், 31ஆவது நகர்த்தலில் கார்ல்சனே டிராவுக்கு அழைத்தார். பலர் அப்போது அதைக் கோழைத்தனம் என்றார்கள். ரேபிட்டில் 3–0 என்று அவர் முடித்துவைத்ததைப் பார்த்த பிறகு, தம் பலம் எங்கே இருக்கிறது என்பதை அவர் மிகத் துல்லியமாக அறிந்திருந்தார் என்றே எனக்குத் தோன்றியது. மூன்று வார கிளாசிக்கல் போரை அவர் மனத்தளவில் அப்போதே கழற்றிவிடத் தொடங்கியிருக்கலாம் என்பது என் ஊகம்.

துபாய் வெற்றியும் கணக்கு காட்டுகிற அளவுக்கு எளிதாக வரவில்லை. முதல் ஐந்து ஆட்டங்கள் டிரா. ஆறாவது ஆட்டம் 136 நகர்த்தல்கள், ஏறத்தாழ எட்டு மணி நேரம். உலகப் பட்டப் போட்டி வரலாற்றிலேயே மிக நீண்டது. அதில் தோற்ற பிறகுதான் நெபோம்னியாச்சி நிலைகுலைந்து 8, 9, 11ஆவது ஆட்டங்களை இழந்தார். இப்போது அதே மனிதரோடு மீண்டும் உட்கார வேண்டும் என்றால், வென்றால் ‘எதிர்பார்த்ததுதானே’ என்பார்கள். தோற்றால் காலமெல்லாம் பேசுவார்கள். துபாய் போட்டி முடிந்ததும் கார்ல்சன் சொன்னதன் சாரமும் ஏறக்குறைய இதுவே: இந்தப் போட்டிகளில் கிடைக்கும் நிறைவைவிடச் சுமை அதிகமாகிவிட்டது. அடுத்த தலைமுறையைச் சேர்ந்தவர், குறிப்பாக அலிரேசா ஃபிரூஜா, எதிராளியாக வந்தால் ஆடும் ஆர்வம் இருக்கும் என்றும் கூறியிருந்தார். மாட்ரிட்டில் நடந்த கேண்டிடேட்ஸில் ஃபிரூஜாவால் முன்வரிசையை எட்ட முடியவில்லை. அத்தோடு அந்த ஆர்வத்துக்கும் இடமில்லாமல் போயிற்று.

டிராபோதும்:

குதிரைப்பாய்ச்சல் அவர்களின் விளக்கம் கார்ல்சன் பக்கத்தை நன்றாகச் சொல்கிறது. மற்றவர்கள் பக்கத்தை அது தொடவே இல்லை.

கேண்டிடேட்ஸில் வழக்கமாக இரண்டாம் இடத்துக்குப் பெரிய மதிப்பு கிடையாது. 2022இல் மட்டும், சாம்பியன் ஆடுவாரா மாட்டாரா என்று உறுதியாகத் தெரியாத நிலையில், அவர் விலகினால் முதல் இரு இடத்தவரே பட்டத்துக்கு மோதுவார்கள் என்பதால், அந்த இடம் திடீரென்று தங்கமாகிவிட்டது. கடைசிச் சுற்றில் டிங் லிரெனுக்கு எதிராக ஹிகாரு நகமுராவுக்கு ஒரு டிரா கிடைத்திருந்தாலே இரண்டாம் இடம் உறுதியாகியிருக்கும். அவர் தோற்றார், டிங் அந்த இடத்தைப் பிடித்தார். அந்த இடத்துக்கு என்ன பொருள் என்பது தொடர் முடிந்து இரண்டு வாரங்களுக்குப் பிறகே திட்டவட்டமாகியது. பதினான்கு சுற்றுகள் உழைப்பவர்களுக்கு இது நியாயமா? விலகுவது அவரவர் உரிமை என்பதை ஏற்கிறேன். தொடர் தொடங்குவதற்கு முன்பே விலகியிருக்க வேண்டும் என்பதுதான் என் வாதம்.

மேலும், துபாய் போட்டியின் பரிசுத்தொகை 20 லட்சம் யூரோ. அதில் வெற்றியாளருக்கு 60 விழுக்காடு. ‘சுமை’ என்று பேசும்போது இதையும் நினைவில் வைப்பது நல்லது.

பழையபலகை:

பரிசுத்தொகையைச் சுட்டிக்காட்டியதே கார்ல்சனுக்கு ஆதரவான சான்றாகிவிடுகிறது என்று கருதுகிறேன். அவ்வளவு பணத்தையும் விட்டுவிட்டுப் போகிறவருடைய காரணம் மேலோட்டமானதாக இருக்க வாய்ப்பில்லை.

இதை 2022இல் திடீரென்று தோன்றிய மனநிலையாகப் பார்ப்பதும் சரியன்று. 2010 நவம்பரில், இன்னும் இருபது வயதுகூட நிரம்பாத கார்ல்சன், அடுத்த ஆண்டு நடக்கவிருந்த கேண்டிடேட்ஸிலிருந்து விலகுவதாக உலக செஸ் அமைப்பான ஃபிடேவுக்குக் கடிதம் எழுதினார். பட்டத்துக்கான தேர்வுச் சுழற்சியின் நடுவிலேயே விதிகள் மாறுவதையும், அது பல ஆண்டுகள் இழுபடுவதையும் அதில் குறை கூறினார்; அவற்றோடு, நடப்புச் சாம்பியன் மட்டும் நேரடியாக இறுதிப் போட்டிக்குப் போகும் சலுகையையும் கேள்விக்குள்ளாக்கினார். அந்தச் சலுகை பின்னர் எட்டு ஆண்டுகளுக்கு மேல் அவருக்கே கிடைத்தது. அதை அனுபவித்துவிட்டுத்தான் விட்டார் என்று ஒருவர் கிண்டல் செய்யலாம், செய்யட்டும். ஆனால் முறைமீதே அவருக்கு நம்பிக்கை குறைவு என்பது தொடக்கத்திலிருந்தே பதிவாகியிருக்கிறது.

பாபி ஃபிஷரோடு ஒப்பிடுவது எல்லோர் மனத்திலும் வரும். அந்த ஒப்பீடு பொருந்தாது. 1975இல் ஃபிஷர் ஆட மறுத்தது நிபந்தனைகளால்: பத்து வெற்றிகள் பெறும் வரை ஆட வேண்டும், டிராக்கள் கணக்கில் வரக்கூடாது, 9–9 ஆனால் பட்டம் சாம்பியனிடமே இருக்க வேண்டும் என்று கேட்டார். பத்து வெற்றிகளை ஏற்ற ஃபிடே, 9–9 விதியை ஏற்கவில்லை. பட்டம் ஆடாமலேயே அனடோலி கார்போவுக்குப் போயிற்று. ஃபிஷருக்குப் பட்டம் வேண்டும், தம் விதிப்படி வேண்டும். கார்ல்சனுக்குப் பட்டமே தேவைப்படவில்லை.

நெருக்கமான ஒப்பீடு ஹூ யிஃபான். 2016இல் மாரியா முசிசுக்கை வென்று மகளிர் உலகப் பட்டத்தை மீட்ட அவர், ஆண்டு விட்டு ஆண்டு நாக்-அவுட் தொடரில் சாம்பியன் உருவாகும் ஏற்பாட்டில் உடன்பாடு இல்லை என்று அந்தப் பட்டச் சுழற்சியிலிருந்தே விலகினார். அப்போது மகளிர் தரவரிசையில் அவருக்கு அருகில் எவரும் இல்லை. முறையோடு ஒத்துப்போக முடியாதபோது, உச்சியில் இருப்பவருக்கு விலகுவது மற்றவர்களைவிட எளிது. பட்டம் போனாலும் முதலிடம் போய்விடாது அல்லவா?

லாஸ்கரையும் சொல்லாமல் விட மனமில்லை. 1894 முதல் சாம்பியனாக இருந்த இமானுவேல் லாஸ்கர், 1920இல் பட்டத்தைத் துறந்து கபபிளாங்காவுக்கு விட்டுக்கொடுப்பதாக அறிவித்தார். மறு ஆண்டே ஹவானாவில் அவரோடு ஆடி, ஒரு ஆட்டத்தைக்கூட வெல்லாமல் தோற்றார்.

யானைப்பாதை:

மூவருக்கும் நன்றி. கேண்டிடேட்ஸ் வீரர்களின் நிலையை நான் யோசித்ததே இல்லை. இன்னொரு ஐயம்: இப்படி விட்டுப்போனதால் பட்டத்தின் மதிப்பு குறைந்துவிட்டது என்று சிலர் சொல்கிறார்களே, அது சரியா? விதிமுறை மாறினால் அவர் திரும்பி வருவார் என்று எதிர்பார்க்கலாமா?

குதிரைப்பாய்ச்சல்:

மதிப்பைப் பொறுத்தவரை, ஆட்டங்களைப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. 2023 ஏப்ரலில் அஸ்தானாவில் டிங்கும் நெபோம்னியாச்சியும் ஆடியது 7–7 என முடிந்து, ரேபிட்டில் டிங் 2.5–1.5 என்று வென்றார். கார்ல்சன் ஆடிய பட்டப் போட்டிகள் எதிலும் இவ்வளவு ரத்தம் சிந்தியதில்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் குகேஷ் கடைசி ஆட்டத்தில் டிங்கை வீழ்த்தி 18 வயதில் சாம்பியன் ஆனார். ஆனால் ‘உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் யார்’ என்ற கேள்விக்கும் ‘உலக சாம்பியன் யார்’ என்ற கேள்விக்கும் ஒரே விடை இல்லாமல் போனது உண்மைதான். அந்த இடைவெளியைப் பட்டம் வைத்திருப்பவர்தான் ஒவ்வொரு பேட்டியிலும் சுமக்க வேண்டியிருக்கிறது. அதில் எனக்கு டிங்மீது மிகுந்த இரக்கம் உண்டு.

திரும்பி வருவதைப் பற்றி: குறைந்த நேரமும் கூடுதல் ஆட்டங்களும் கொண்ட வடிவத்தில்தான் அவருக்கு விருப்பம். 2022 டிசம்பரில் அல்மாட்டியில் ரேபிட், அதைவிடவும் நேரம் குறைந்த பிளிட்ஸ் ஆகிய இரண்டு உலகப் பட்டங்களையும் வென்றதை வைத்தே அதைப் புரிந்துகொள்ளலாம். கிளாசிக்கல் பட்டத்துக்கோ, கதவு அவருக்குத் திறந்தே இருந்தது. 2023இல் பாகுவில் நடந்த உலகக் கோப்பையின் இறுதியில் பிரக்ஞானந்தாவை டை-பிரேக்கரில் வென்றபோது, 2024 கேண்டிடேட்ஸுக்கான இடம் அவரிடம் வந்தது. அவர் அதை ஏற்கவில்லை. நான்காவதாக வந்த நிஜாத் அபாசோவ் அந்த இடத்தில் டொரண்டோவுக்குப் போனார்.