அக்கா மகளுக்கும் அண்ணன் மகனுக்கும் யூரேல் பாஸ் வாங்கித் தரலாமா?

பட்டர்வொர்த் மாமா:
எல்லாருக்கும் வணக்கம். அக்கா மகள் இந்த வருடம் டிகிரி முடிக்கிறாள், வயது 23. அண்ணன் மகன் வேலைக்குப் போகிறான், 27 நடக்கிறது, ஆகஸ்டில் 28 ஆகிவிடும். ஐரோப்பாவை ரயிலிலேயே சுற்ற வேண்டும் என்று இரண்டு பேருக்கும் ரொம்ப நாளாக ஆசை. பணமாகக் கையில் கொடுத்தால் கார் தவணைக்குப் போய்விடும், அதனால் பயணமாகவே கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஆனால் எந்த ஊர், எந்தத் தேதி என்று நானே முடிவு பண்ணி டிக்கெட்டை நீட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. பிடித்த ஊரில் இரண்டு நாள் கூட இருக்கட்டும், பிடிக்காவிட்டால் அடுத்த ரயில் ஏறட்டும். அதற்கு, ஐரோப்பாவின் பல நாட்டு ரயில்களில் ஒரே சீட்டில் போகிற இந்த யூரேல் பாஸ் சரிவருமா, எதை வாங்குவது? அக்காவுக்கு வேறு, பிள்ளைகள் அவ்வளவு தூரம் போகிறார்களே என்று பயம்.

செந்தூல் அக்கா:
நல்ல காரியம் தம்பி, தாராளமாகச் செய்யுங்கள். முதலில் அண்ணன் மகன் வயதைப் பாருங்கள். இளையோர் கட்டணம் 12 முதல் 27 வயது வரைதான், பெரியவர் விலையைவிட நன்றாகவே குறையும். பாஸ் தொடங்கும் நாளில் என்ன வயது என்பதுதான் கணக்கு, வாங்கும் நாளில் இல்லை. அதனால் அவன் பிறந்தநாளுக்கு முன்னால் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும், நடுவில் 28 ஆனால் பரவாயில்லை. அக்கா மகளுக்கு அந்த அவசரம் இல்லை. வாங்கிய நாளிலிருந்து 11 மாதத்துக்குள் தொடங்கினால் போதும்.

நீங்கள் கேட்பதற்குப் பொருத்தமானது 33 நாடுகளுக்கான குளோபல் பாஸ், அதிலும் ஃபிளெக்ஸி வகை. ஒரு மாதத்துக்குள் 4, 5 அல்லது 7 நாள், இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் 10 அல்லது 15 நாள் என்று இருக்கிறது. ரயில் ஏறும் நாள் மட்டும்தான் கழியும். வியன்னாவில் நான்கு நாள் சும்மா நடந்து திரிந்தால் பாஸில் ஒரு நாளும் குறையாது. ஏறுகிற நாளில் நள்ளிரவு வரை எத்தனை ரயில் வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம். தினமும் ஓடிக்கொண்டே இருக்கிற ஆளுக்குத்தான் தொடர் பாஸ், 15 நாள், 22 நாள் என்று. உங்கள் பிள்ளைகளுக்கு அது வேண்டாம்.

அப்புறம் பெயர். பாஸ் ஒருவர் பெயரில்தான், இன்னொருவருக்கு மாற்ற முடியாது. நம் மலேசிய பாஸ்போர்ட்டில் இன்னாரின் மகன், மகள் என்பதற்கு ஏ/எல், ஏ/பி என்று வரும், அங்கே முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்பார்கள். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பிள்ளைகளே நிரப்பட்டும், நீங்கள் பணம் கட்டக் கார்டைக் கொடுங்கள்.

தண்டவாளப் பிரியன், கேஎல்:
அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் சேர்க்க வேண்டியது இருக்கைப் பதிவு. பாஸ் இருந்தால் எல்லா ரயிலிலும் சும்மா ஏறி உட்காரலாம் என்று நினைத்துப் போகிறவர்களுக்குப் பாரிஸில்தான் அதிர்ச்சி. பிரான்சின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சரோசா, ஸ்பெயினின் அதிவேக ரயில்கள் எல்லாவற்றுக்கும் பதிவு கட்டாயம், ஒவ்வொன்றுக்கும் சுமார் 10 முதல் 20 யூரோ. லண்டன், பாரிஸ் இடையே ஓடும் யூரோஸ்டார் 30க்கு மேல். பாஸ்காரர்களுக்கு ஒதுக்கும் இடமும் குறைவு, கோடையில் சீக்கிரம் தீர்ந்துவிடும். இரவு ரயிலில் படுக்கைக்குத் தனிக் காசு.

நீங்கள் சொல்கிற மாதிரி இஷ்டத்துக்கு ஏறி இறங்க வேண்டுமென்றால் ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கம் போகச் சொல்லுங்கள். அங்கே பெரும்பாலான உள்நாட்டு ரயில்களுக்குப் பதிவே வேண்டாம், நினைத்தவுடன் ஏறலாம். சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸிலிருந்து இத்தாலியின் திரானோ வரை பெர்னினா மலைப்பாதை இருக்கிறது, யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. பெரிய கண்ணாடி வைத்த சுற்றுலா ரயிலுக்குத்தான் பதிவுக் கட்டணம். அதே தண்டவாளத்தில் ஓடும் சாதாரண ரயிலில் பாஸை மட்டும் காட்டிவிட்டுப் போகலாம், ஜன்னலையும் இறக்கிக்கொள்ளலாம். அந்தப் பாதையில் புரூசியோ என்ற ஊரில் ரயில் கல் பாலத்தின் மேல் ஒரு முழு வட்டம் அடித்து இறங்கும்போது, முன்பெட்டி உங்கள் பெட்டிக்கே பக்கவாட்டில் தெரியும். என் தங்கை மகனிடம் இதைச் சொல்லித்தான் அனுப்பினேன், அங்கிருந்தே வீடியோ கால் பண்ணிவிட்டான்.

ஆக, பாஸோடு பதிவுச் செலவுக்கு ஆளுக்கு 100 யூரோவாவது சேர்த்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பரிசுக்கு அவர்கள் கையிலிருந்து செலவழிக்க வேண்டியிருக்கும்.

ஜார்ஜ்டவுன் அத்தை:
நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். விமான டிக்கெட், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் யார் தலையில்? பாஸ் கையில் இருந்தும் விமானத்துக்குப் பணம் இல்லாமல் அந்த 11 மாதமும் ஓடிவிட்டால் யாருக்கு லாபம்? அண்ணன் மகனுக்குச் சம்பளம் இருக்கிறது, அக்கா மகளுக்கு இன்னும் வேலையே கிடைக்கவில்லை. அவளைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

உங்கள் அக்காவின் பயத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. முதலில் இரண்டு பேரையும் பாங்காக் அனுப்புங்கள். உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே பட்டர்வொர்த்தில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் தாய்லாந்து எல்லையில் இருக்கிற பாடாங் பெசார். அந்த ஸ்டேஷனுக்குள்ளேயே இரண்டு நாட்டு இமிகிரேஷனும் முடிந்துவிடும். மாலையில் தாய்லாந்து ரயில், இருட்டியதும் ஊழியரே வந்து இருக்கையை இழுத்துப் படுக்கையாக்கி வெள்ளை விரிப்புப் போட்டுத் தருவார். கீழ்ப் படுக்கை கேளுங்கள், அகலம் அதிகம், ஜன்னலும் உண்டு. காலையில் பாங்காக். எல்லை தாண்டவும், ரயிலில் தூங்கவும், சாமான் பார்த்துக்கொள்ளவும் பழகிவிட்டு வந்தால் அக்காவே ஐரோப்பாவுக்குச் சரி என்பார்.

பட்டர்வொர்த் மாமா:
மூவருக்கும் ரொம்ப நன்றி. அத்தை சொன்ன பிறகு அக்கா மகளிடமே பேசினேன். வேலை கிடைத்த பிறகு போகிறேன் மாமா, இப்போது பாங்காக் போதும் என்கிறாள். அவளுக்கான பாஸ் காசைத் தனியாக எடுத்து வைத்துவிடுகிறேன். அண்ணன் மகன் விமான டிக்கெட் தானே எடுத்துக்கொள்கிறான், ஜூலையில் கிளம்புகிறான், ஒரு மாதத்தில் 7 நாள் பாஸ். மொபைல் பாஸ் என்றால் நான் இன்றே வாங்கிவிட்டால் நாள் ஓட ஆரம்பித்துவிடுமா?

செந்தூல் அக்கா:
ஓடாது தம்பி. யூரேலின் ரயில் பிளானர் செயலியில் பாஸைச் சேர்த்து, தொடங்கும் தேதியைப் போட்டு அவன் செயல்படுத்தினால்தான் கணக்கு ஆரம்பம். ஏறுவதற்கு முன்னால் அந்தந்த ரயிலைச் செயலியில் சேர்த்துவிட வேண்டும், பரிசோதகர் கேட்கும்போது கியூஆர் காட்டணும், அதை மட்டும் அவனிடம் அழுத்திச் சொல்லுங்கள். சலுகை விலையில் வாங்கினால் திருப்பித் தரும் விதி கடுமையாக இருக்கும், பணம் கட்டுவதற்கு முன் அதையும் படித்துவிடுங்கள்.